ஓடு கிடைக்காத வயல்கள்

தொல்லியல் ஆய்வு என்றதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கீழடி மாதிரி ஏதாவது தோண்டினியா?" இதுவரை ஒரு குழிகூடத் தோண்டியதில்லை. பழைய ஊர்களின் தடயம் தேடிப் பெங்களூரைச் சுற்றி நடப்பதுதான் என் வேலை. நாலைந்து பேர் வரிசையாக, சம இடைவெளி விட்டு, தலையைக் குனிந்தபடி வயலின் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரை நடப்போம். பானை ஓடு கண்ணில் பட்டால் ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டு பையில் போடுவோம். படாவிட்டாலும் படிவத்தை நிரப்ப வேண்டும். என் படிவங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை.

பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டின் முதுகில் இருக்கிறது. மேற்குச் சரிவின் தண்ணீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. கிழக்குப் பக்கத்துத் தண்ணீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டித் தென்பெண்ணையில் சேர்கிறது. பெரிய ஆறு கிடையாது. அதனால் ஒன்று வழிந்து அடுத்ததை நிரப்பும்படி ஏரிகளை வெட்டி, அவற்றை ஒட்டி ஊர்களை அமைத்தார்கள். மடிவாளா சோமேசுவரர் கோயிலில் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. அது கொடை நிலத்தை அடையாளம் சொல்வதே வெங்காலூர், அதாவது பெங்களூர்ப் பெரிய ஏரியை வைத்துத்தான். நகரை நிறுவியவராகச் சொல்லப்படும் கெம்பே கவுடர் இங்கே கோட்டை கட்டிய 1537-க்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கல் அது. பேகூர் நடுகல் இன்னும் பழையது. பெங்களூர்ப் போரைச் சொல்லும் அந்தக் கல்லுக்கு வயது 1,100 ஆண்டுக்கு மேல்.

அப்படியானால் ஏரிக்கரையைப் பிடித்துக்கொண்டே நடந்தால் பழைய ஊர் அகப்பட்டுவிடும் என்று தோன்றும். ஆனேக்கல் பக்கம் ஒரு கேழ்வரகுக் கொல்லையில் நிறையவே ஓடுகள் கிடைத்தன. எல்லாம் விரல் நகம் அளவு, முனை மழுங்கியவை. கொல்லைக்காரப் பாட்டி தமிழ்தான். எங்கள் பையை எட்டிப் பார்த்துவிட்டு, "இது இந்த மண்ணு இல்ல கண்ணு. எங்க மாமனார் காலத்துல ஏரி வண்டல வண்டி வண்டியா அடிச்சாங்க, அதுல வந்தது" என்றார்.

வண்டலோடு வரும் ஓடு இப்படித்தான் உருண்டு, பொடிந்து, வயல் முழுக்கச் சீராகச் சிதறிக் கிடக்கும். குடியிருந்த இடத்தில் கிடப்பவை பெரிய துண்டுகள், உடைந்த முனை கூராகவே இருக்கும், ஓரிடத்தில் குவிந்திருக்கும். பாடத்தில் படித்ததுதான். ஆனாலும் யார் கொல்லையில் எப்போது வண்டல் அடித்தார்கள் என்பது எந்த வரைபடத்திலும் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வயலிலும் முதலில் அதைக் கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறோம்.

நகருக்குள் சிக்கல் தலைகீழ். தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் மெஜஸ்டிக் பஸ் நிலையம் நிற்கிறது, சம்பங்கி ஏரியில் கண்டீரவா விளையாட்டரங்கம். அங்கே ஓடு தென்படாததால் ஆள் வாழவில்லை என்று எழுத முடியுமா? 'மண் எவ்வளவு தெரிந்தது' என்று எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. புல் மூடியதா, உழுததா, சிமெண்டா என்று அதில் குறிக்க வேண்டும். என் கணக்கில் படிவத்திலேயே முக்கியமான கட்டம் அதுதான். கருத்தரங்குகளிலோ கண்டெடுத்ததைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிறார்கள், இந்தக் கட்டத்துக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. எனக்கு அது எரிச்சல்தான்.

நகருக்குள் மண் கண்ணில் படுவது அடுக்குமாடி வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது மட்டுமே. ஜேசிபி வெட்டிய சுவரில் செம்மண்ணுக்கு மேல் கரும் களிமண் படிந்திருந்தால் அங்கே தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது என்று பொருள். கான்கிரீட் போட்டுவிட்டால் அதுவும் போச்சு. சர்ஜாப்பூர் சாலையில் ஒரு வாட்ச்மேன், கிருஷ்ணகிரிக்காரர். "போட்டோ எடுத்தா மேஸ்திரி திட்டுவாரு. பத்து மணிக்கு அவரு டீ குடிக்கப் போவாரு, அப்ப வாங்க" என்று சொல்லி வைத்திருக்கிறார். நாளைக்குப் போக வேண்டும்.