கொத்தமல்லிக்கு எத்தனை வாட்?

வீட்டுக்குள் செடி வளர்க்க எல்இடி விளக்கு வாங்கலாம் என்று இணையத்தில் தேடினால் வந்து விழுகிற ஆலோசனையில் பெரும்பங்கு கஞ்சா வளர்க்கிறவர்களுக்காக எழுதப்பட்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கனடாவிலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் அதை வீட்டில் வளர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, அதனால் இரண்டடிக்கு இரண்டடி, நாலடிக்கு நாலடி என்று கறுப்புத் துணிக் கூடாரம் அடித்து, உள்ளே விளக்கைத் தொங்கவிட்டு, அளந்து, அதைப் பற்றி மணிக்கணக்கில் வீடியோ போடுகிறார்கள். 18 மணி நேரம் வெளிச்சம், 6 மணி நேரம் இருட்டு என்கிறார்களே, அது அந்தச் செடிக்கான கணக்கு. பூக்க வைக்க 12க்கு 12 என்று மாற்றுவதும் அப்படியே. அதை அப்படியே தூக்கி வந்து கொத்தமல்லித் தொட்டிமேல் வைத்தால் செடிக்கும் நல்லதில்லை, கரண்ட் பில்லுக்கும் நல்லதில்லை.

நான் வளர்ப்பது கொத்தமல்லி, வெந்தயக் கீரை, புதினா, அவ்வளவுதான். சென்னையில் முதல் மாடி வீடு. சர்வீஸ் பால்கனிக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர் நிற்கிறது, மொட்டைமாடிச் சாவி அசோசியேஷன் கையில். விளக்கு போடாமல் வழியில்லை. வெயில் விழுகிற மாடியோ பால்கனியோ இருக்கிறவர்கள் இதை இத்தோடு மூடிவிட்டுப் போகலாம், உங்களுக்கு விளக்கு தேவையில்லை.

ஜன்னலோரம் வெளிச்சமாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். கண்ணை நம்பக் கூடாது. வெளிச்சம் குறைந்தால் கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும், செடிக்கு அந்த வசதி இல்லை. ஆண்ட்ராய்டு போனில் லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றை இறக்கி, திரை மேலே பார்க்க வைத்து அளந்து பாருங்கள். மதிய வெயிலில் 1 லட்சம் லக்ஸைத் தொடும். எதிரில் சுவர் இருக்கிற எங்கள் ஜன்னல் மேடையில் அதே நேரத்தில் ஆயிரத்தை எட்டினாலே பெரிய விஷயம். இரவில் ஹாலில் டியூப் லைட் எரியும்போது நூறு, இருநூறு. போனை வைத்து அளப்பதில் துல்லியம் கிடைக்காது, ஆனால் ஆயிரத்துக்கும் லட்சத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிய எந்தப் போனும் போதும்.

லக்ஸ், லூமன் எல்லாம் மனிதக் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசம் என்கிற அளவு. செடிக்கு வேறு அளவு இருக்கிறது. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியில், ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை ஒளித்துகள் விழுகிறது என்பதை மைக்ரோமோல் கணக்கில் சொல்வார்கள். அதற்குப் பெயர் பிபிஎஃப்டி. நாள் முழுவதும் விழுந்ததைக் கூட்டினால் டிஎல்ஐ, அதன் அலகு மோல். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். சாதாரண வெள்ளை எல்இடி என்றால் லக்ஸை 70ஆல் வகுத்தால் ஏறக்குறைய பிபிஎஃப்டி வந்துவிடும். 14,000 லக்ஸ் என்றால் 200 மைக்ரோமோல். அதை 12 மணி நேரம் எரியவிட்டால் ஒரு நாளைக்கு 8.6 மோல். ஊதா விளக்குக்கு இந்த வகுத்தல் செல்லாது.

ஊதா விளக்கு என்றதும் அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆன்லைன் கடைகளில் செடி விளக்கு என்று தட்டினால் முதலில் வருவது அதுதான். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும்தான் அதிகம் உறிஞ்சும், பச்சை ஒளி வீண், அதனால் அந்த இரண்டு நிறம் மட்டும் போதும் என்பது அதன் பின்னால் இருக்கிற வாதம். பாதி உண்மை. 1970களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் டெக்சாஸில் கீத் மெக்ரீ என்பவர் 22 வகைப் பயிர்களின் இலைகளை வைத்து, எந்த நிற ஒளியில் எவ்வளவு ஒளிச்சேர்க்கை நடக்கிறது என்று அளந்து காட்டிவிட்டார். பச்சை ஒளியும் நன்றாகவே வேலை செய்கிறது, சிவப்பைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2014இல் வைத்த வெஜ்ஜி என்கிற சின்னத் தோட்டத்தின் படங்களில் தெரிகிற இளஞ்சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு நமக்கும் அதுதான் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதிலும் சிவப்பு, நீலத்தோடு பச்சை எல்இடியும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு வாட்டும் கணக்கு. நமக்கு வேறு பிரச்சினை: ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாகியிருக்கிறதா, அடியில் அசுவினி ஒட்டியிருக்கிறதா என்று எதுவும் தெரியாது, எல்லாம் கறுப்பாகத் தெரியும். ராத்திரி பால்கனியிலிருந்து ஊதா வெளிச்சம் வழிந்தால் வாட்ச்மேன் முதல் எதிர்வீட்டு மாமி வரை விசாரிப்பார்கள் என்பது தனி.

அடுத்தது வாட். '1000 வாட்' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். கீழே பொடி எழுத்தில், உண்மையில் இழுப்பது 100 வாட், சில நேரம் அதைவிடக் குறைவு என்று இருக்கும். பழைய சோடியம் விளக்கு 1000 வாட்டுக்கு இது சமம் என்று ஒரு சாக்கு. அந்தச் சமமும் பெரும்பாலும் பொய். பார்க்க வேண்டியது இரண்டே எண்: சுவரிலிருந்து எத்தனை வாட் இழுக்கிறது, ஒரு ஜூலுக்கு (ஒரு வாட் ஒரு விநாடி எரிந்தால் ஒரு ஜூல்) எத்தனை மைக்ரோமோல் தருகிறது. நல்ல விளக்குகள் 2.5க்கு மேல் தருகின்றன, மிக நல்லவை 3ஐயும் தாண்டுகின்றன. அந்த எண்ணே இல்லாமல் 'முழு நிறமாலை', 'சூரியனைப் போன்ற ஒளி' என்று மட்டும் எழுதியிருந்தால் நகர்ந்துவிடுங்கள். எவ்வளவு உயரத்தில் தொங்கவிட்டால் எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழும் என்று கட்டம் போட்டு ஒரு படம் கொடுத்திருப்பார்கள், அதில் நடுக்கட்டத்தை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. நடுவில் 600, மூலையில் 150 என்று இருக்கும். நம் தட்டு மூலை வரை போகிறது.

இப்போது என் அலமாரிக்கு வருகிறேன். ஸ்லாட்டட் ஆங்கிள் ராக், ஒரு தட்டு நாலடி நீளம், ஓரடி அகலம், அதாவது 0.37 சதுர மீட்டர். தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கிற நாலடி எல்இடி டியூப், 20 வாட், பெட்டியில் 2000 லூமன். கடைக்காரர் "செடிக்கு எதுக்கு சார் லைட்டு, ஜன்னல்ல வைங்க" என்றார், அவருக்கு என் ஜன்னலைப் பற்றித் தெரியாது. 2000ஐ 70ஆல் வகுத்தால் ஒரு டியூபுக்குச் சுமார் 28.5 மைக்ரோமோல். நாலு டியூப் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினால் 114. அதில் மூன்றில் ஒரு பங்கு பக்கவாட்டில் சிதறிப்போகும் என்று வைத்துக்கொண்டால் மீதி 76, அதை 0.37ஆல் வகுத்தால் பிபிஎஃப்டி 200 சொச்சம். கொத்தமல்லிக்கும் வெந்தயத்துக்கும் இது போதும். டியூபை இலையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைக்கலாம், சூடு தட்டாது. பக்கவாட்டில் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் சிதறுகிற வெளிச்சத்தில் கொஞ்சம் திரும்பி வரும்; பளபளவென்று அலுமினியத் தாள் ஒட்டுவதைவிட இந்த வெள்ளைப் பரப்பு வெளிச்சத்தைப் பரவலாகத் திருப்பும். நிறத்தில் கூல் டே லைட், வார்ம் எது வேண்டுமானாலும் வாங்குங்கள். கூல் டே லைட்டில் நீலம் கூடுதல், அதனால் செடி குட்டையாக, கெட்டியாக நிற்கும். கீரைக்கு அது நல்லதே.

அப்படியானால் செடிக்கென்றே செய்த விளக்கு வேண்டவே வேண்டாமா? டியூப் லைட் ஒரு ஜூலுக்கு 1.4 மைக்ரோமோல்தான் தருகிறது. 2.7 தருகிற நல்ல போர்டு (தட்டையான பலகையில் எல்இடி பதித்த செடி விளக்கு) ஒன்று 42 வாட்டிலேயே இந்த நாலு டியூபின் 80 வாட் வேலையைச் செய்துவிடும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் என்றால் 38 வாட் மிச்சம் இரண்டு மாத பில்லில் 27 யூனிட். ஒரு தட்டுக்கு அது பெரிய தொகை இல்லை. மூன்று தட்டு, நாலு தட்டு என்று வருஷம் முழுக்க ஓட்டுகிறவர்களுக்குக் கதை வேறு, ஏனென்றால் பில் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளில் சிலவற்றின் விலையும் சேர்ந்து ஏறும். ஏற்கெனவே ஏசி ஓடி 480ல் நிற்கிற வீட்டில் 27 யூனிட் சின்ன எண் இல்லை. ஆக, ஒரு தட்டுக்கு டியூப் போதும், அலமாரி நிறைய வளர்க்கப் போகிறீர்கள் என்றால் நல்ல போர்டு. நடுவில் இருக்கிற, ஆயிரம் ரூபாய்க்கு நாலு கை முளைத்து மேஜையில் கிளிப் போட்டு மாட்டுகிற ரகம் எதற்கும் உதவாது, ஒரு தொட்டி மணிபிளான்ட்டுக்கு வேண்டுமானால் சரி.

எவ்வளவு வெளிச்சம் என்பதைவிட எத்தனை மணி நேரம் என்பதில்தான் வெளிநாட்டு ஆலோசனை நம்மைக் கவிழ்க்கிறது. சென்னையில் பகலின் நீளம் மார்கழியில் பதினொன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, ஆனியில் 13க்குச் சற்றுக் குறைவு. இந்த எல்லைக்குள்தான் நம் கீரையெல்லாம் பழகியிருக்கிறது. கொத்தமல்லி நீண்ட பகலைக் கண்டால் பூக்கிற செடி. 16 மணி, 18 மணி நேரம் விளக்கைப் போட்டுவிட்டு, செழிப்பாக வளரும் என்று காத்திருந்தால், அது கோடை வந்துவிட்டது, விதை வைக்க வேண்டும் என்று முடிவு செய்துவிடும். அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. அடி இலைகள் வழக்கம்போல அகலமாக இருக்கும். நடுவிலிருந்து ஒரு தண்டு மட்டும் விறைப்பாக எழும்பும். அதில் வருகிற புது இலை அகலமே இல்லாமல் சோம்புத் தழை மாதிரி நூல் நூலாகப் பிரிந்திருக்கும். கிள்ளிக் கசக்கினால் வாசனையும் மாறியிருக்கும். அப்புறம் திரும்பாது, ரசத்துக்குக் கிள்ளிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தனியாவைத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைக்க வேண்டியதுதான். 12 மணி நேரத்துக்கு மேல் நான் கொத்தமல்லிக்கு விளக்கு போடுவதில்லை. வளர்ச்சி போதவில்லையா, நேரத்தைக் கூட்டாமல் டியூபைக் கூட்டுங்கள்.

முளைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை இதற்கு நேர்மாறு. இவையெல்லாம் அமராந்தஸ் பேரினம், பெரும்பாலும் பகல் குறுகினால் பூக்கிறவை, எனவே 15, 16 மணி நேரம் போட்டாலும் இலையாகவே இருக்கும். ஆனால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மக்காச்சோளம், கரும்பு போல இவையும் சி4 வகைச் செடிகள். சுட்டெரிக்கிற வெயிலில் பின்னியெடுக்கிற வகை. வெளியே நல்ல வெயில் நாளில் இவற்றுக்கு 40 மோல் வரை கிடைக்கிறது, நாம் தட்டில் கொடுப்பது எட்டோ பத்தோ. வெளிநாட்டு அட்டவணைகளில் கீரை என்று பார்த்தால் லெட்யூஸ் போட்டு 12 முதல் 17 மோல் என்று இருக்கும். லெட்யூஸுக்குச் சரி, முளைக்கீரைக்குச் சரிப்படாது. நாலு டியூபுக்கு அடியில் அது வெளிறிப்போய், நெடுநெடுவென்று நீண்டு, முதல் தண்ணீருக்கே சாய்ந்து படுத்துவிடும். மிளகாய், தக்காளிக்கும் கிட்டத்தட்ட இதே பதில்: 20 மோலுக்குக் குறையாமல் வேண்டும், அதற்கு ஆகிற மின்சாரத்தில் கடையில் நல்ல தக்காளியே வாங்கிவிடலாம். முளைத்துக் கொஞ்ச நாளிலேயே வெட்டிவிடுகிற குட்டிக் கீரையான மைக்ரோகிரீன் மட்டும் நேர் எதிர். விதையில் இருக்கிற சத்திலேயே பாதி வளர்ந்துவிடும், இரண்டு டியூப் போதும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய சில்லறை விஷயங்கள் உண்டு. பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா என்று விளக்கிலும் அதன் டிரைவரிலும் (எல்இடிக்கு ஏற்ற மாதிரி மின்சாரத்தை மாற்றித் தருகிற பகுதி) பாருங்கள். போர்டு எரியும்போது போன் கேமராவில் பார்த்தால் கோடு கோடாக ஓடுகிறதென்றால் டிரைவர் மட்டம். அலுமினிய உடம்பு உள்ள விளக்குக்கு மூன்று முள் பிளக்கும் எர்த்தும் கட்டாயம், நாம் தண்ணீர்க் கையோடு தொடப் போகிற பொருள் அது. ஒயரை நேராக எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குக் கொண்டுபோகாமல் ஒரு வளைவு கீழே தொங்கி மேலே ஏறுகிற மாதிரி விட்டால், வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

டைமர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். பல் பல்லாக அழுத்துகிற மெக்கானிக்கல் டைமர் மலிவு, ஆனால் கரண்ட் போனால் அதன் கடிகாரமும் நின்றுவிடும். நம் ஊர் பவர்கட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கிக்கொண்டே வந்து, ஒரு நாள் பார்த்தால் ராத்திரி எரிந்துகொண்டிருக்கும். உள்ளே சின்ன பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர் வாங்குங்கள்.

இன்னொன்று சூடு. விளக்கு இழுக்கிற 80 வாட்டும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் முடிகிறது, எல்இடி என்பதால் அது மாயமாய் மறைந்துவிடாது. தை, மாசியில் தெரியாது. சித்திரையில் சின்ன பால்கனி அறைக்குள் மதியம் இரண்டு மணிக்கு அது தெரியும், கொத்தமல்லிக்கும் தெரியும், ஏனென்றால் நீண்ட பகல்போலவே சூடும் அதைப் பூக்கத் தள்ளுகிறது. அதனால் பங்குனி முடியும்போதே டைமரை மாற்றி, நள்ளிரவு 12 மணிக்கு எரிந்து பகல் 12 மணிக்கு அணைகிற மாதிரி வைத்துவிடுகிறேன். முழு இரவுக்கும் மாற்றிப் பகலில் அணைத்துவைக்கலாமே என்றால், பகலில் ஜன்னல் வழியாக வருகிற மங்கல் வெளிச்சமே செடிக்குப் பகல் என்று கணக்கில் சேர்ந்து, இருட்டே இல்லாமல் போய்விடும். அப்படிச் செய்வதானால் தட்டைச் சுற்றிக் கனமான திரை போட வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்கு அணைந்த பிறகு மாலை வரை வருகிற ஜன்னல் வெளிச்சத்துக்கும் நான் அந்தத் திரையைத்தான் இழுத்துவிடுகிறேன். அக்னி நட்சத்திரம் முடிகிற வரை கொத்தமல்லியை விட்டுவிட்டு புதினாவோடு நிறுத்திக்கொள்வதும் நல்ல யோசனைதான்.