ஒரு கேபிள், இரண்டு திரைகள்: ஜூலை மாத நாட்குறிப்பு

7 ஜூலை 2025, திங்கள்

பம்ப்செட் உதிரிப்பாகம் செய்யும் பட்டறைகளுக்கும் அவற்றை விற்கும் கடைகளுக்கும் கோவையில் ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 14ஆம் தேதி 2பி (விற்றவர்கள் ஏற்றிய பில்களின்படி போர்ட்டல் தரும் கொள்முதல் பட்டியல்), 20ஆம் தேதிக்குள் 3பி (வரி கட்டும் சுருக்கப் படிவம்) என்று மாதம் ஓடிவிடும். டேலி கணக்கு மென்பொருளில் உள்ள கொள்முதல் பதிவேடு, ஜிஎஸ்டி போர்ட்டலிலிருந்து இறக்கிய 2பி எக்செல், பில்லின் பிடிஎஃப் ஆகிய மூன்றையும் ஒரே பார்வையில் வைத்தால்தான் ஒத்துப்பார்க்கும் வேலை நகரும். 14 அங்குல மடிக்கணினித் திரையில் ஆல்ட்-டேப் தட்டிக்கொண்டே இருந்தால், ஒரு சாளரத்தில் படித்த பில் எண் அடுத்த சாளரம் வருவதற்குள் மனத்தை விட்டுப் போய்விடுகிறது.

ஆகவே மடிக்கணினியோடு வெளித்திரைகளை இணைக்கும் டாக்கிங் ஸ்டேஷன் ஒன்று இன்று மேசைக்கு வந்தது. பின்புறத்தில் திரைகளுக்கான இரண்டு டிஸ்ப்ளேபோர்ட் துளைகளும் ஒரு எச்டிஎம்ஐ துளையும் இணையக் கேபிளுக்கான துளையும் யூஎஸ்பி துளைகளும் இருக்கின்றன. மடிக்கணினிக்குச் செல்வது ஒரே ஒரு யூஎஸ்பி-சி கேபிள். கடையில் ‘டாக்’ என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை உண்மையில் மூன்று வகை. முதல் வகை, மடிக்கணினியின் கிராஃபிக்ஸ் அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் சைகையை யூஎஸ்பி-சி வழியே அப்படியே வாங்கி, எம்எஸ்டி என்ற முறையால் இரண்டு மூன்று திரைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். இரண்டாவது வகையான தண்டர்போல்ட், அதன் 3, 4ஆம் தலைமுறைகளில் நொடிக்கு 40 கிகாபிட் வரை தாங்கும். விலையும் அதற்கேற்ப ஏறும். மூன்றாவது வகையான டிஸ்ப்ளேலிங்க், படத்தை மென்பொருளால் சுருக்கிச் சாதாரண யூஎஸ்பி தரவாக அனுப்பி டாக்கில் மறுபடியும் படமாக்குகிறது. என் மடிக்கணினி 2019ஆம் ஆண்டினது, தண்டர்போல்ட் இல்லாதது. கூடுதல் மென்பொருளை நிறுவுவதில் எனக்கு விருப்பமும் இல்லை. எனவே முதல் வகையையே வாங்கினேன்.

8 ஜூலை, செவ்வாய்

ஏற்கெனவே இருந்த 24 அங்குலத் திரையுடன் புதிய 27 அங்குலத் திரையையும் டாக்கில் செருகினேன். இரண்டும் உடனே எரிந்தன. ஆனால் புதிய திரையில் எழுத்துகள் யாவும் ஈரத்தாளில் மை ஊறியது போல இருந்தன. உதவிக்கு இருக்கும் தம்பி ஜிஎஸ்டி பதிவெண் (ஜிஎஸ்டிஐஎன்) ஒன்றைக் காட்டி, “இது எட்டுங்களா, ஆறுங்களா, அண்ணா?” என்று கேட்டார், எனக்கும் தெரியவில்லை. எண்களோடு புழங்கும் தொழிலில் இது சிறிய குறை அன்று.

திரை அமைப்புகளைத் திறந்து பார்த்தால், 2560×1440 புள்ளிகள் கொண்ட அந்தத் திரை 1920×1080இல் ஓடிக்கொண்டிருந்தது; பட்டியலில் அதற்கு மேற்பட்ட அளவே தென்படவில்லை. பழைய திரையின் கேபிளைப் பிடுங்கியவுடன் 2560×1440 பட்டியலில் வந்துவிட்டது, எழுத்தும் கூர்மையானது. மறுபடி செருகினால் மறைந்தது. திரையில் கோளாறில்லை, டாக்கிலும் கோளாறில்லை, படம் போகும் குழாயின் கொள்ளளவே போதவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் கணக்குப் பார்ப்பவன் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் விடலாகாது.

யூஎஸ்பி-சி கேபிளுக்குள் வேகத் தரவுக்கென நான்கு தடங்கள் உள்ளன. டாக்கில் வேகமான யூஎஸ்பி துளைகளும் இருப்பதால், இரண்டு தடங்கள் யூஎஸ்பிக்குப் போய், படத்துக்கு இரண்டே மிஞ்சுகின்றன. என் மடிக்கணினியின் கிராஃபிக்ஸ் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தரத்தினது, அதில் ஒரு தடத்துக்கு நொடிக்கு 5.4 கிகாபிட். இரண்டு தடங்களுக்கு 10.8, அதில் ஐந்தில் ஒரு பங்கு குறியீட்டுக்கே கழிந்துவிடுவதால் கைக்குக் கிடைப்பது 8.64 கிகாபிட். இது வரவு. செலவுப் பக்கத்தில், 2560×1440 புள்ளிகளை ஒவ்வொன்றுக்கும் 24 பிட் வீதம் நொடிக்கு 60 முறை வரைய, வரிகளுக்கிடையே விடப்படும் வெற்று நேரத்தையும் சேர்த்து, ஏறத்தாழ 5.8 கிகாபிட் வேண்டும். 1920×1080 புள்ளிகள் கொண்ட பழைய திரைக்கு ஏறத்தாழ 3.3 வேண்டும். இரண்டும் சேர்ந்தால் 9.1. அரை கிகாபிட் துண்டு விழுகிறது, அவ்வளவுதான். அதற்காக விண்டோஸ் எச்சரிக்கை எதுவும் தராமல், ஒரு திரையின் அளவைச் சத்தமின்றிக் குறைத்து வரவுக்குள் செலவை அடக்கிவிடுகிறது.

டாக்கின் பெட்டியில் ‘இரண்டு திரைகளுக்கும் 4கே’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். எந்த மடிக்கணினியோடு சேர்த்தால் என்பது அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது.

9 ஜூலை, புதன்

நேற்றைய கணக்கு சரிதானா என்று பார்க்க, தம்பியின் புதிய மடிக்கணினியை அதே டாக்கில், அதே கேபிளில் செருகினோம். இரண்டு திரைகளும் முழு அளவில் 60 ஹெர்ட்ஸில் எழுந்தன. அவருடையது டிஸ்ப்ளேபோர்ட் 1.4, ஒரு தடத்துக்கு 8.1 கிகாபிட் வீதம், குறியீட்டுக்குக் கழித்த பிறகும், இரண்டு தடங்களிலேயே 12.96 கிகாபிட் கிடைக்கிறது. 9.1 அதில் தாராளமாக அடங்கும்.

எனக்கான வழி எளிது. மடிக்கணினியின் பக்கவாட்டில் எச்டிஎம்ஐ துளை ஒன்று சும்மா கிடக்கிறது; பழைய 24 அங்குலத் திரையை நேரே அதில் செருகிவிட்டு, புதிய திரையை மட்டும் டாக்கில் விட்டேன். 8.64இல் 5.8 போக மிச்சமும் இருக்கிறது. மேசையிலிருந்து எழுந்து போகும்போது ஒரு கேபிளுக்குப் பதிலாக இரண்டைப் பிடுங்க வேண்டும். ஒற்றைக் கேபிளின் அழகுக்காக மங்கிய எழுத்தைச் சகித்துக்கொள்வதை விட இது மேல்.

கேபிளைப் பற்றியும் குறித்துவைக்க வேண்டும். மேசை இழுப்பறையில் கிடக்கும் யூஎஸ்பி-சி கேபிள்கள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுதான். கைப்பேசியோடு வருபவற்றில் பல மின்னேற்றத்துக்கும் மெதுவான தரவுக்கும் மட்டுமே ஆனவை. படத்துக்கான தடங்கள் அவற்றில் இல்லை. அத்தகைய ஒன்றை டாக்குக்குப் போட்டுப் பார்த்தபோது, மடிக்கணினி மின்னேறியது, விசைப்பலகை வேலை செய்தது, திரைகள் மட்டும் இருண்டே கிடந்தன. டாக்கோடு வந்த கேபிளில் சிவப்பு நாடா சுற்றிவைத்திருக்கிறேன்.

11 ஜூலை, வெள்ளி

ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள். எழுத்தின் பெரிதாக்க அளவை மடிக்கணினித் திரையில் 150 விழுக்காடும் வெளித்திரைகளில் 100 விழுக்காடும் என்று வைத்திருப்பதால், டேலியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இழுக்கும்போது எழுத்து ஒரு கணம் பூதாகரமாகி அடங்குகிறது. சுட்டியால் இழுப்பதை விட, விண்டோஸ், ஷிஃப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சாளரம் அடுத்த திரைக்குத் தாவிவிடும். வேறொன்றும் எழுத நேரமில்லை.

14 ஜூலை, திங்கள்

2பி வந்தது. வாங்கியதன் பயன் இன்றைக்குத்தான் கைக்குக் கிடைத்தது.

27 அங்குலத் திரையில் இடப்பாதி டேலியின் கொள்முதல் பதிவேடு, வலப்பாதி 2பி எக்செல்; 24 அங்குலத் திரையைச் செங்குத்தாகத் திருப்பி, அதில் பில்லின் பிடிஎஃப் முழுப்பக்கமாக. விற்றவர் போர்ட்டலில் ‘024/25-26’ என்று ஏற்றிய பில்லை எங்கள் பதிவேட்டில் யாரோ வெறும் ‘24’ என்று ஏற்றியிருப்பார்கள். எக்செல் சூத்திரம் இரண்டையும் வேறு வேறு என்று தள்ளிவிடும். அதை மூல பில்லோடு ஒப்பிட்டுக் கண்ணால்தான் சேர்க்க வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொரு பில்லுக்கும் கோப்பைத் திறந்து, மூடி, எண்ணைத் தாளில் குறித்துக்கொள்வேன். இன்று தாளே எடுக்கவில்லை. பார்வை இடமிருந்து வலமாக ஒரு முறை ஓடினால் போதுமானதாக இருந்தது. பொருந்தாத பில்கள் மாலைக்குள் தனித்தாளில் ஒதுங்கிவிட்டன.

செங்குத்துத் திரைதான் எதிர்பாராத லாபம். ஏ4 பக்கம் அதில் உருட்டாமல் முழுதாகத் தெரிகிறது. மடிக்கணினியின் சொந்தத் திரை கீழே தாழ்வாக இருப்பதால், அதை அடிக்கடி பார்த்தால் கழுத்து வலிக்கிறது. வாட்ஸப்பையும் மின்னஞ்சலையும் அங்கே தள்ளிவிட்டேன். பெரிய திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றே கீழே வருமாறு தாங்கியை இறக்கினேன்.

16 ஜூலை, புதன்

கம்பியில்லாச் சுட்டி தடுமாறத் தொடங்கியது. அம்பு நின்று நின்று குதிக்கிறது. மின்கலத்தை மாற்றியும் மாற்றமில்லை. பெரிய கோப்புகளை வெளி வட்டிலிருந்து நகலெடுக்கும்போது மட்டும் தொல்லை மிகுந்ததால் காரணம் பிடிபட்டது. வேகமான யூஎஸ்பி 3 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடும் என்று இன்டெல் 2012இலேயே ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. சுட்டியின் சைகையைப் பெறும் யூஎஸ்பி வாங்கியும் (ரிசீவர்) அதே அலைவரிசையில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. டாக்கின் பின்னால், வட்டின் கேபிளுக்கு ஒட்டினாற்போல் செருகியிருந்த வாங்கியை ஒரு சிறு நீட்சிக் கேபிளில் மாட்டிச் சுட்டிக்கு அருகே கொண்டுவந்தேன். தீர்ந்தது.

19 ஜூலை, சனி

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நின்றது. முன்கூட்டியே அறிவித்திருந்ததால் இன்வெர்ட்டர் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அது மாறும் நொடிப்பொழுதில் டாக்கும் இரண்டு வெளித்திரைகளும் அணைந்து எழுந்தன. மடிக்கணினிக்கு மின்கலம் இருப்பதால் அது அணையவில்லை. அதனாலேயே ஒரு குழப்பம். திரைகள் காணாமல் போனதாக எண்ணிச் சாளரங்கள் அனைத்தும் 14 அங்குலத்துக்குள் குவிந்தன. இணையக் கேபிளும் டாக் வழியாகவே வருவதால் போர்ட்டலின் தொடர்பும் அறுந்தது.

திரைகள் மீண்டதும் சாளரங்கள் தத்தம் இடத்துக்குத் திரும்பின; விண்டோஸ் 11இல் திரை இணைப்பைப் பொறுத்துச் சாளர இடங்களை நினைவில் வைக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது, அதை இயக்கிவைத்திருந்தேன். இன்வெர்ட்டரின் பின்புறத்தில் யூபிஎஸ் நிலைக்கான பொத்தான் இருப்பதை எலக்ட்ரீஷியன் காட்டினார். அதில் வைத்தால் மாறும் நேரம் குறையும். பிற்பகலில் மெயினை அணைத்துச் சோதித்தபோது டாக் சிமிட்டக்கூட இல்லை.

23 ஜூலை, புதன்

3பி முடிந்த ஓய்வில், ஒரு வாடிக்கையாளரின் மகன் எம்1 சிப் கொண்ட தன் மேக்புக் ஏரோடு வந்திருந்தார். இரண்டு திரைகளையும் டாக்கிலேயே மாட்டி அதைச் செருகினோம்; இரண்டிலும் ஒரே படம் வந்தது. எம்எஸ்டி முறையில் வெவ்வேறு திரைகளாக விரிப்பதை மேக்ஓஎஸ் ஆதரிப்பதில்லை. அந்தச் சிப்பும் ஒரு வெளித்திரைக்கு மேல் தராது. அவர் இரண்டு திரை கேட்டால் டிஸ்ப்ளேலிங்க் டாக்தான் வழி. அதற்குத் திரைப்பதிவு அனுமதி கொடுக்க வேண்டும், நகல் காப்புள்ள படங்கள் அதில் ஓடாது என்பதையும் சொன்னேன். கல்லூரிப் பிள்ளைக்கு இரண்டாவது செய்திதான் உறைத்தது.

28 ஜூலை, திங்கள்

மூன்றாவது வெளித்திரை ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று தம்பி சொல்கிறார். அவருடைய மடிக்கணினிக்குச் சரி. என் மடிக்கணினியின் கிராஃபிக்ஸ், சொந்தத் திரையையும் சேர்த்து மொத்தம் மூன்று திரைகளுக்கு மேல் தராது. மூடியைச் சாத்திவிட்டால் ஓர் இடம் காலியாகும். ஆனால் அந்தத் திரையும் 1920×1080. அதை டாக்கில்தான் செருக வேண்டும். 5.8உடன் 3.3 சேர்ந்து மறுபடியும் 9.1க்கே வந்து நிற்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.