பள்ளத்தாக்குகள் எழுதிய அரசமைப்பு

சுவிட்சர்லாந்தின் அரசமைப்பைப் படிக்கும்போதெல்லாம் அந்நாட்டு நிலவரைபடத்தையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்கிறேன்; ஒன்றை விட்டு மற்றொன்றைப் படித்தால் இரண்டுமே அரைகுறையாகத்தான் விளங்குகின்றன. 41,285 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை ஆல்ப்ஸ் மலைகள் எடுத்துக்கொள்ள, மக்களில் பெரும்பாலோர் ஜெனீவா ஏரிக்கும் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்தில் நெருங்கி வாழ்கிறார்கள். கொத்தார்ட் மலைப்பகுதியை ஒட்டிப் பிறக்கும் ஆறுகளில் ரைன் வட கடலுக்கும், ரோன் மத்தியதரைக் கடலுக்கும், டிச்சினோ போ ஆற்றோடு கலந்து அட்ரியாட்டிக் கடலுக்கும் போகின்றன. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் என்று மொழிகளும் ஆறுகளின் வழியே பிரிந்தன என்று சொல்லத் தோன்றும். ஆனால் ரோனின் மேல்பள்ளத்தாக்கில் பேசப்படுவது ஜெர்மன் என்பதால், இந்தக் கணக்கை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பனிக்காலத்தில் கணவாய் அடைபட்டுவிட்டால் ஒவ்வொரு பள்ளத்தாக்கும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டாக வேண்டும். அந்தப் பழக்கத்தை 1848ஆம் ஆண்டின் கூட்டாட்சி அரசமைப்பும் அழித்துவிடவில்லை. கான்டன்கள் எனப்படும் இன்றைய 26 மாநிலங்களுக்கும் தனித்தனி அரசமைப்பும் சட்டமன்றமும் இருக்கின்றன. நடுவண் அரசை நடத்துவோர் ஏழே பேர். குடியரசுத் தலைவர் பதவி அவர்களுக்குள் ஆண்டுதோறும் கைமாறுகிறது, அதற்கென்று தனி அதிகாரமும் இல்லை. நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தை எதிர்த்து 100 நாட்களுக்குள் 50,000 பேர் கையொப்பமிட்டால், அது மக்கள் வாக்கெடுப்புக்குப் போயாக வேண்டும்.

இவையெல்லாவற்றையும்விட என்னைக் கட்டிப்போடுவது கிளாருஸ் கான்டன்தான். மே மாத முதல் ஞாயிறன்று கிளாருஸ் நகரின் திறந்தவெளியில் வாக்காளர்கள் கூடி, நிறமிட்ட அட்டையை உயர்த்திச் சட்டங்களை முடிவு செய்கிறார்கள்; உயர்ந்த அட்டைகளை ஒருவரும் எண்ணுவதில்லை, மேடையில் நிற்கும் தலைவர் கண்ணளவிலேயே பெரும்பான்மையைச் சொல்லிவிடுகிறார். 2006இல் 25 ஊராட்சிகளைப் பத்தாகக் குறைக்கலாம் என்று அரசு முன்மொழிய, கூட்டத்திலிருந்த குடிமகன் ஒருவர் மூன்றே போதும் என்றார். கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தது, 2011 முதல் அங்கே மூன்று ஊராட்சிகள்தான். பள்ளத்தாக்கு மனிதர்கள் தம் எல்லைகளை விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள் என்ற என் எண்ணத்தை அந்த ஒரு காலைப்பொழுது கலைத்துவிட்டது.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருக்கக் கை தூக்கும் இம்முறையில் மறைவு என்பது துளியும் இல்லை. அதைவிடப் பெரிய குறை, அந்தத் திடலுக்குள் யாரை விட்டார்கள் என்பது. கூட்டாட்சித் தேர்தல்களில் பெண்கள் வாக்குரிமை பெற்றதே 1971இல்தான். இதேபோல் திறந்தவெளியில் கூடும் அப்பென்செல் இன்னர்ரோடன் கான்டனின் ஆண்கள், தம் கான்டன் அளவில் பெண்களுக்கு அவ்வுரிமையை 1990 ஏப்ரலில்கூட மறுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தலையிட்டது. அடுத்த ஆண்டு பெண்களும் திடலுக்குள் வந்தார்கள், கையில் வாக்காளர் அட்டையோடு. ஆண்களுக்கோ, இடையில் தொங்கும் குடும்பத்து வாளே இன்னமும் அட்டைக்கு ஈடாகச் செல்லுபடியாகிறது.