முழுத்தானியம் கேட்பது தண்ணீரும் நேரமும்

சாப்பாட்டை, அதிகம் பதப்படுத்தாத முழு உணவுகளின் பக்கம் திருப்ப முடிவு செய்யும் வீடுகளில் பெரும்பாலும் முதல் வாரமே அலமாரி காலியாகிவிடும். வெள்ளை பிரட், பாக்கெட் சீரியல், இனிப்பு சேர்த்த தயிர்க் கப்பு எல்லாம் ஒரே நாளில் வெளியே போகும். அடுத்த வாரம் செங்கல் மாதிரி ஒரு கோதுமை பிரட் மேசைக்கு வரும். பிள்ளைகள் ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிடுவார்கள். பத்தாம் நாள் பழைய பாக்கெட்டுகள் திரும்ப வந்துவிடும். பிள்ளைகளின் நாக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. மைதாவுக்குச் சொன்ன அளவில் முழுக் கோதுமையைப் பிசைந்தால் அப்படித்தான் வரும்.

அதனால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். அது கைக்குப் பழகி, வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசாமல் சாப்பிடத் தொடங்கிய பிறகு அடுத்ததற்குப் போங்கள். எதிலிருந்து தொடங்குவது? ஏழு நாளைக்கு, பாக்கெட்டிலிருந்து நேரடியாகத் தட்டுக்குப் போகும் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். எது அதிக முறை வருகிறதோ அதுதான் முதல் பொருள். மாதம் ஒரு முறை வாங்கும் கேக்கில் தொடங்கினால் உழைப்பு அதிகம், பலன் குறைவு.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். உள்ள பொருட்கள் எடை அதிகமானதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் அச்சாகியிருக்கும். முதல் மூன்று இடத்துக்குள் சர்க்கரையோ சிரப்போ இருந்தால், முன்பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது இனிப்புப் பண்டம்தான். சர்க்கரையை 4 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் என்று கணக்கிடுங்கள். சோடியம் என்று போட்டிருந்தால் 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து. சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அதாவது 2000 கலோரி சாப்பிடுபவருக்கு சுமார் 50 கிராமுக்குள். தேனும் பழச்சாறும்கூட இந்தக் கணக்கில்தான் வரும்.

சத்துக் கணக்கு மட்டும் போதுமா என்றால் போதாது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேருக்கு இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். முன்னால் வைத்த சாப்பாட்டில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டு பக்கமும் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டபோது, பதப்படுத்திய உணவு சாப்பிட்ட நாட்களில் நாளொன்றுக்கு சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. அவர்கள் வேகமாகவும் சாப்பிட்டார்கள். மென்று தின்ன வேண்டிய உணவு தட்டில் இருப்பதற்கே ஒரு மதிப்பு உண்டு.

பல வீடுகளில் அந்த முதல் பொருள் பிரட்டாகத்தான் இருக்கும். அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். முழுக் கோதுமை மாவில் தவிடும் முளையும் இருக்கின்றன. தவிடு தண்ணீரை நிறைய உறிஞ்சும், ஆனால் மெதுவாக உறிஞ்சும். அதன் கூரான துகள்கள், மாவைத் தூக்கிப் பிடிக்கும் குளூட்டன் வலையையும் அறுக்கும். இந்த இரண்டுக்கும் தண்ணீரும் நேரமும்தான் மருந்து.

முதல் இரண்டு வாரம் 375 கிராம் மைதா, 125 கிராம் முழுக் கோதுமை மாவு, 325 மில்லி தண்ணீர். அடுத்த இரண்டு வாரம் பாதிக்குப் பாதி, 345 மில்லி. பிறகு முக்கால் பங்கு கோதுமை, 365 மில்லி. கடைசியில் முழுக்க முழுக்க கோதுமை, 385 மில்லி. மாவுக்கு மாவு உறிஞ்சும் அளவு மாறும் என்பதால் 20 மில்லி கையில் வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் சேருங்கள். உப்பு 9 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், எண்ணெய் 20 கிராம், இவை எல்லாக் கட்டத்திலும் அப்படியே. கப்பை நம்பாதீர்கள். ஒரே கப்பில் அழுத்தி அள்ளினாலும் தளர்வாக அள்ளினாலும் 20, 30 கிராம் எளிதில் மாறிவிடும். சின்னத் தராசு ஒன்று வாங்குவதுதான் இந்த வேலையில் முதல் செலவாக இருக்க வேண்டும்.

மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து, மூடி, 30 நிமிடம் விடுங்கள். கலந்தவுடன் சொரசொரவென்று, கையைக் கிழிப்பது போல இருந்த மாவு, அரை மணி கழித்து இழுத்தால் நீளும். தவிடு நனைந்துவிட்டது என்று அப்போது தெரிந்துகொள்ளலாம். இனி ஈஸ்ட், உப்பு, எண்ணெய் சேர்த்து 8 முதல் 10 நிமிடம் பிசையுங்கள். கையில் ஒட்டத்தான் செய்யும். ஒட்டுகிறதே என்று உலர்ந்த மாவைத் தூவித் தூவிப் பிசைவதுதான் பிரட் கல்லாவதற்கு முக்கியக் காரணம். கையை லேசாக நனைத்துக்கொண்டால் போதும்.

27, 28 டிகிரி அறையில் முதல் உப்பல் ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாக எடுக்கும். பிறகு உருட்டி அச்சில் வைத்து, இன்னும் 35 முதல் 45 நிமிடம். கோதுமை மாவு மைதாவை விட வேகமாகப் புளிக்கும் என்பதால் கடிகாரத்தைவிட விரலை நம்புங்கள். ஈர விரலால் அழுத்தினால் குழி மெதுவாக எழ வேண்டும். உடனே எழுந்தால் இன்னும் நேரம் வேண்டும். எழாமல் குழியாகவே நின்றால் காலம் கடந்துவிட்டது, ஓவனில் நடுப்பகுதி அமுங்கும். 200 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். வெப்பமானி இருந்தால் உள்ளே 93 முதல் 95 டிகிரி காட்ட வேண்டும். இரண்டு மணி நேரம் ஆறாமல் வெட்டாதீர்கள். சூட்டில் வெட்டினால் உள்ளே பிசுபிசுப்பாக இருக்கும், சரியாக வேகவில்லை என்று தவறாக நினைத்துவிடுவோம்.

வீட்டு பிரட்டில் பாதுகாப்புப் பொருள் கிடையாது. மூன்று, நான்கு நாளில் பூசணம் வரலாம். பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் பூசணம் தள்ளிப்போகும், ஆனால் பிரட் சீக்கிரம் இறுகி வறண்டுவிடும். ஆறியதும் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்து டோஸ்ட் செய்வது நல்லது. மாவையும் கவனியுங்கள். முளையில் எண்ணெய் இருப்பதால் முழு மாவு சிக்கெடுக்கும். கசப்பும் பழைய எண்ணெய் வாசனையும் வந்தால் அந்த மாவில் செய்த எதுவும் ருசிக்காது. "கோதுமை பிரட் கசக்கிறது" என்பவர்களில் பலர் சாப்பிடுவது பழைய மாவைத்தான். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, பிரிட்ஜில் வையுங்கள்.

இனிப்புத் தயிரை மாற்றுவது இதைவிட எளிது. பாலை 85 டிகிரிக்குச் சூடாக்கி 10 நிமிடம் அதே சூட்டில் வைத்தால் தயிர் கெட்டியாகும். அந்தச் சூட்டில் மோர்ப் புரதம் உருமாறி, பிறகு தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. 43 டிகிரிக்கு ஆறியதும் லிட்டருக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் உறை. கை பொறுக்காத சூட்டில் உறை ஊற்றினால் நுண்ணுயிர் செத்துப்போகும். 5 முதல் 8 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். முதலில் கடைக் கப்பும் வீட்டுத் தயிரும் பாதிக்குப் பாதி கலந்து கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கடைப் பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் மசித்த வாழைப்பழம் சேருங்கள். தேன் சேர்ப்பவர்கள் ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் தவிர்த்துவிட வேண்டும். போட்டுலிசம் என்ற நச்சு நோய் ஏற்படும் ஆபத்து உண்டு.

டின்னில் வரும் பயறுக்குப் பதில் உலர்ந்ததை வாங்கினால் உப்பு உங்கள் கையில் இருக்கும். 8 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். ஊறும் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு போட்டால் தோல் மென்மையாகும். தக்காளியும் மற்ற புளிப்பும் வெந்த பிறகுதான், முன்னால் போட்டால் விதை இறுகிக்கொள்ளும். எல்லாம் சரியாகச் செய்தும் வேகவில்லை என்றால் பயறு பழையது, அல்லது தண்ணீர் கடினமானது. ராஜ்மாவில் கூடுதல் கவனம் தேவை. வேகாத ராஜ்மாவில் லெக்டின் என்ற நஞ்சு உண்டு, நான்கைந்து விதையே வாந்தியெடுக்க வைத்துவிடும். ஊறிய தண்ணீரைக் கொட்டி, தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிடுங்கள். மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் நேரடியாகப் போடாதீர்கள். அந்தச் சூடு நஞ்சை அழிக்கப் போதாது.

வேர்க்கடலை வெண்ணெயில் அவசரம்தான் எதிரி. 500 கிராம் கடலையை 170 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம் வறுத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே மிக்ஸியில் போடுங்கள். முதலில் தூளாகும். பிறகு ஓரத்தில் அப்பிக் கட்டியாகும். பலர் இங்கேதான் பயந்து தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். அது இன்னும் இறுகும், சீக்கிரம் கெட்டும்போகும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, வழித்துவிட்டு, மிக்ஸி சூடாகாமல் பார்த்துக்கொண்டு ஓட்டினால், கட்டி தானாகவே இளகி எண்ணெய் விட்டு மினுமினுக்கும். உப்பு கால் டீஸ்பூன், சர்க்கரை வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு மெல்லிய பூச்சாக மட்டும் தடவிக் கொடுங்கள். கெட்டியான உருண்டையும் முழுக் கடலையும் தொண்டையில் அடைக்கும்.

நார்ச்சத்து திடீரென்று கூடினால் வயிறு உப்பும். ஒரே வாரத்தில் பிரட்டையும் பயறையும் சேர்த்து மாற்ற வேண்டாம் என்பதற்கு அது இன்னொரு காரணம். தண்ணீரும் கூடுதலாகக் குடிக்க வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு முழுத்தானியத்திலும் பயறிலும் உள்ள பொட்டாசியம், பாஸ்பரஸ் சிக்கலாகலாம், அவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்தாக வேண்டும் என்பதும் இல்லை. உறையவைத்த பட்டாணி, சர்க்கரை சேர்க்காத ஓட்ஸ், தக்காளி மட்டும் உள்ள டின் ஆகியவை அலமாரியில் தாராளமாக இருக்கலாம். அயோடின் சேர்த்த உப்பை மாற்றாதீர்கள். பாதாம் பாலையோ ஓட்ஸ் பாலையோ வீட்டில் அரைப்பதாக இருந்தால், கடையில் விற்பதில் பெரும்பாலும் சேர்க்கும் கால்சியமும் வைட்டமின் டி, பி12 ஆகியவையும் அதில் இருக்காது. பசும்பால் குடிக்காத குழந்தை உள்ள வீட்டில் அந்த ஒன்றை மட்டும் கடையிலேயே, சத்து சேர்த்ததாகப் பார்த்து வாங்குங்கள்.