கேமராவைக் கொஞ்சம் பக்கத்து வீட்டுப் பக்கம் திருப்புங்க

பெண்கள் மேல நடக்கற வன்முறையைப் பத்தி ஒரு ஷார்ட் ஃபிலிம் எடுக்கப் போறோம், ஸ்கிரிப்ட் படிச்சுப் பாத்து சொல்லுங்கன்னு நிறைய பேர் அனுப்பறாங்க. படிக்கும்போது சந்தோஷமாவும் இருக்கு, கவலையாவும் இருக்கு. சந்தோஷம் எதுக்குன்னா இத்தனை சின்னப் பசங்களுக்கு இது நம்ம பேச வேண்டிய விஷயம்னு தோணியிருக்கு. கவலை எதுக்குன்னா பெரும்பாலும் ஒரே படம்தான் திரும்பத் திரும்ப வருது. குடிச்சுட்டு வர்ற புருஷன், கையில பெல்ட்டு, உடைஞ்ச கண்ணாடி, ஸ்லோ மோஷன்ல கீழ விழற பொண்ணு, பின்னாடி வயலின், கடைசியில கருப்பு ஸ்க்ரீன்ல ஒரு புள்ளிவிவரம், படம் முடிஞ்சுது.

இதுல எதுவும் பொய் இல்ல, இதெல்லாம் தினமும் நடக்குது. ஆனா பாக்கறவங்க மனசுல என்ன ஓடும்னு யோசிச்சுப் பாருங்க. ஆம்பளைங்க, நான் இவனை மாதிரி இல்லப்பான்னு நிம்மதியா உக்காந்துடுவாங்க. கூட்டத்துல, அடி விழாட்டியும் பயந்து பயந்தே ஒரு வீட்டுல வாழ்ந்துட்டு இருக்கற பொண்ணு இருந்தா, என்னை அவர் அடிக்கறது இல்லையே, அப்ப இது எனக்கான படம் இல்லன்னு அவளும் ஒதுங்கிடுவா. யாருக்குப் போய்ச் சேரணுமோ அவங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு, ஏற்கனவே ஒத்துக்கற நாலு பேரைக் கண் கலங்க வெச்சு அனுப்பறதுக்கா இவ்வளவு மெனக்கெடறோம்?

சமீபத்துல வந்த ஒரு ஸ்கிரிப்ட்ல ஒரு சீன் என்னை அப்படியே நிறுத்திடுச்சு. புருஷனும் பொண்டாட்டியும் சாப்பிட்டுட்டு இருக்காங்க, அவ போன் அடிக்குது. அவ போனைப் பாக்கல, முதல்ல அவன் முகத்தைப் பாக்கறா. "எடு, ஸ்பீக்கர்ல போடு"ன்றான், ரொம்ப சாதாரணமா, குரலே ஏறல. எடுத்தா அந்தப் பக்கம் ஃப்ரெண்டு, "ஏய் ஞாயித்துக்கெழமை வர்றேல்ல?" இவ அவனைப் பாத்துட்டே "இல்லடி, எனக்கே உடம்பு கொஞ்சம் முடியல, நீங்க போங்க"ன்னு சொல்லி வெச்சுடறா. அவன் சாப்பிட்டுட்டே இருக்கான். அவ்வளவுதான் சீன், ஒரு நிமிஷம் கூட இருக்காது. இதைப் படிச்சப்போ எனக்கு வந்த பயம் எந்த பெல்ட் சீன்லயும் வந்தது கிடையாது. யார்கிட்ட பேசலாம், எங்க போகலாம், எவ்வளவு செலவு பண்ணலாம், என்ன டிரெஸ் போடலாம்னு ஒருத்தன் ஒவ்வொண்ணா கையில எடுத்துக்கறது, கடைசியில அவ தானாவே பொய் சொல்லிப் பழகிக்கறது, வன்முறை பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்குது. இங்கிலாந்து, வேல்ஸ்ல 2015ல வந்த சட்டத்துல, நெருங்கின உறவுல ஒருத்தரை இப்படித் தொடர்ந்து கட்டுப்படுத்தி மிரட்டி வெக்கறதே தனிக் குற்றம்னு கொண்டு வந்துட்டாங்க, ஒரு அடி கூட விழுந்திருக்கணும்னு அவசியம் இல்ல. சட்டமே அந்த இடத்துக்கு வந்தாச்சு, நம்ம கேமரா இன்னும் பெல்ட்டுலயே நிக்குது.

சரி, புள்ளிவிவரம் வேணாம்னு சொல்ல வரல, அதைப் பாக்கற விதம் வேற. உலக சுகாதார அமைப்பு 2021ல வெளியிட்ட கணக்குப்படி உலகத்துல சுமாரா மூணு பொண்ணுங்கள்ல ஒருத்தர் வாழ்க்கையில ஒரு தடவையாவது துணைவன்கிட்ட இருந்து உடல் ரீதியான இல்ல பாலியல் வன்முறையையோ, இல்ல வேற ஒருத்தன்கிட்ட இருந்து பாலியல் வன்முறையையோ அனுபவிச்சிருக்காங்க. ஐ.நா. கணக்கு இன்னொண்ணு, 2023ல மட்டும் துணைவனாலயோ சொந்தக் குடும்பத்து ஆளாலயோ கொல்லப்பட்ட பொண்ணுங்களும் சிறுமிகளும் சுமார் 51,100 பேர், அதாவது ஒரு நாளைக்கு 140 பேர். இதைப் படிச்சா எனக்கு உடனே தோணுற கேள்வி, இத்தனை வீட்டுக்கும் ஒரு பக்கத்து வீடு இருந்திருக்கும்ல? ஒரு மாடி வீடு, ஒரு ஆபீஸ் தோழி, பிள்ளைங்களோட டீச்சர், அவளைப் பெத்த அம்மா அப்பா எல்லாரும் இருந்திருப்பாங்கல்ல? அடிக்கறவன் நம்ம படத்தைப் பாத்து மனசு மாறுவான்னு நான் பெருசா நம்பல. ஆனா சுவத்துக்கு இந்தப் பக்கம் டிவி சவுண்டைக் கூட்டி வெக்கற மனுஷன் மாறுவார்னு முழுசா நம்பறேன். அதனாலதான் எல்லார்கிட்டயும் கேக்கறேன், கேமராவை அந்த மனுஷன் பக்கம் திருப்புங்க.

இதை ஏற்கனவே செஞ்சு காட்டினவங்க இருக்காங்க. 2008ல இந்தியாவுல பிரேக்த்ரூன்ற மனித உரிமை அமைப்பு 'பெல் பஜாவோ'ன்னு ஒரு பிரச்சாரம் ஆரம்பிச்சாங்க, பெல்லை அடின்னு அர்த்தம். ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம் அளவுக்கான குட்டிப் படம். பக்கத்து வீட்டுல ஒரு பொண்ணு அடி வாங்கற சத்தம் கேக்குது, ஒரு ஆள் எழுந்து போய் அந்த வீட்டு காலிங் பெல்லை அடிக்கறார், புருஷன் வந்து கதவைத் திறக்கறான், "கொஞ்சம் பால் கிடைக்குமா?" அவ்வளவுதான் கேக்கறார். சண்டை இல்ல, டயலாக் இல்ல, உள்ள புகுந்து நாலு சாத்து சாத்தறது இல்ல. இன்னொண்ணுல ஒருத்தர் போன் பண்ணிக்கலாமான்னு கேப்பார், கேக்கும்போதே அவர் போனே அடிக்கும். நான் கேட்டது உனக்குத் தெரிஞ்சுடுச்சு, நீ பண்றது எனக்கும் தெரிஞ்சுடுச்சு, எல்லாம் அந்த ஒரு பார்வையில முடிஞ்சுடும். வேன்ல எல்லாம் போட்டு ஊர் ஊரா கொண்டு போனாங்க, 2010ல கான் விளம்பர விழாவுல சில்வர் லயன் வாங்குச்சு. விருதை விட எனக்குப் பெருசாத் தெரியறது என்னன்னா, பாத்தவங்க கையில ஒரு வேலை குடுத்துச்சு, எந்த சாதாரண மனுஷனாலயும் செய்ய முடியற வேலை.

அதுக்குள்ள ஒரு பாதுகாப்பும் இருக்கு. ஹீரோ மாதிரி உள்ள போய்க் கத்திட்டு வந்துட்டா, நீங்க திரும்பிப் போனப்புறம் அந்தக் கோவம் மொத்தமும் அவ மேலதான் இறங்கும், "ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கியா"ன்னு. சும்மா ஒரு சாக்கு சொல்லிக் கதவைத் தட்டினா அந்த நிமிஷம் அடி நிக்குது, பழி அவ மேல விழறதுக்கு வாய்ப்பு குறையுது. அப்புறமா அவ தனியா இருக்கும்போது பேசிக்கலாம். ஸ்கிரிப்ட்ல ஹீரோ வெக்கறவங்க தயவுசெஞ்சு இதை யோசிங்க, உங்க படத்தைப் பாத்துட்டு யாரோ ஒருத்தர் நாளைக்கு நிஜமாவே அப்படி செய்யப் போறாங்க.

செய்யவும் செய்வாங்க. 2020 ஏப்ரல்ல, லாக்டவுன்ல பொண்ணுங்க வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு இருந்த நேரம், கனடியன் விமன்ஸ் ஃபவுண்டேஷன் ஒரு கை சைகையைக் கொண்டு வந்தாங்க. உள்ளங்கையைக் காட்டி, கட்டைவிரலை உள்ள மடக்கி, மத்த நாலு விரலையும் அது மேல மூடறது. எனக்கு உதவி வேணும்னு வாய் திறக்காம சொல்றதுக்கு. குட்டிக் குட்டி வீடியோவாத்தான் அது உலகம் பூரா போச்சு, டிக்டாக்ல நிறைய. 2021 நவம்பர்ல அமெரிக்காவுல காணாமப் போன ஒரு 16 வயசுப் பொண்ணு ஓடிட்டு இருக்கற கார்ல இருந்து இந்த சைகையைக் காட்டிட்டே வந்திருக்கு, பின்னாடி கார்ல வந்தவருக்கு அது என்னன்னு புரிஞ்சு, பின்னாடியே போய் போலீஸுக்குத் தகவல் சொல்லி, கென்டக்கியில அந்தக் காரை நிறுத்தி அந்தப் பொண்ணை மீட்டாங்க. அந்தப் பொண்ணு அதைக் கத்துக்கிட்டது டிக்டாக்ல. பின்னாடி வந்தவருக்கும் அது தெரிஞ்சிருந்ததாலதான் அவ உயிரோட வீடு திரும்பினா. எனக்கு இதை நினைச்சா இப்பவும் சிலிர்க்குது, சில நொடி வீடியோ, ரெண்டு பக்கமும் போய் சேந்திருக்கு.

நேரம் இருக்கறவங்க ஸேவியர் லெக்ராண்ட் 2013ல எடுத்த 'ஜஸ்ட் பிஃபோர் லூசிங் எவ்ரிதிங்' பாருங்க, அரை மணி நேர பிரெஞ்சுப் படம், ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போச்சு. புருஷன்கிட்ட இருந்து பிள்ளைங்களோட தப்பிச்சுப் போற ஒரு பொண்ணு, தான் வேலை பாக்கற சூப்பர்மார்க்கெட்டுக்கு வர்றா, கொஞ்ச நேரத்துல அவனும் அங்க வந்து நிக்கறான். அடிக்கற காட்சி கிடையாது. ஆனா உக்காந்து பாக்க முடியாது, கை வேர்த்துடும். அதுல கூட வேலை பாக்கறவங்க என்ன செய்யறாங்க, யாரு தயங்கறாங்கன்னு மட்டும் கவனிச்சுட்டே பாருங்க. விட்டுட்டுக் கிளம்பற நேரம்தான் ரொம்ப ஆபத்தான நேரம்னு இந்தத் துறையில வேலை செய்யறவங்க எல்லாரும் சொல்வாங்க, "ஏன் அவ அப்பவே விட்டுட்டுப் போகல"ன்னு கேக்கறவங்களுக்கு அந்தப் படம் ஒண்ணு போதும்.

சட்டம் வரைக்கும் போன படமும் உண்டு. பாகிஸ்தான்ல ஷர்மீன் ஒபைத் சினாய் எடுத்த 'எ கேர்ள் இன் த ரிவர்', பிடிச்சவனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு அப்பாவும் உறவுக்காரர் ஒருத்தரும் சுட்டு ஆத்துல வீசியும் உயிர் பிழைச்ச ஒரு பொண்ணோட கதை, 2016ல ஆஸ்கர் வாங்குச்சு. குடும்பம் மன்னிச்சுட்டா கொன்னவன் வெளிய வந்துடலாம்னு அந்த நாட்டுச் சட்டத்துல இருந்த ஓட்டையைப் பத்தின படம். பாகிஸ்தான் பிரதமரே தன் அலுவலகத்துல திரையிட்டுப் பாத்தார், அதே வருஷம் அக்டோபர்ல அந்த ஓட்டையை அடைக்கற சட்டம் பாஸ் ஆச்சு. படம் மட்டுமே செஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன், வருஷக்கணக்கா போராடின பொண்ணுங்க இருக்காங்க, நடுவுல இன்னொரு கொலை நாட்டையே உலுக்குச்சு. ஆனா பேச்சை ஒரு இடத்துல குவிக்கறதுக்குப் படம் உதவுச்சு.

இப்ப திரையிடறதுக்கு வர்றேன், எனக்கு ரொம்ப முக்கியமான இடம் இதுதான். படம் முடிஞ்சதும் லைட்டைப் போட்டு "எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா "ரொம்ப டச்சிங்கா இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு எழுந்து போய்டுவாங்க. நாங்க ஒரு குட்டிப் படம் போட்டுக் காட்டுவோம், அது முடிஞ்சதும் நான் கேக்கற கேள்வி ஒண்ணுதான், "இந்தப் படத்துல முதல்ல யாருக்குத் தெரிஞ்சுது?" கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டாங்க. அப்புறம் ஒருத்தர், அந்த மாடி வீட்டு ஆளுக்குன்னுவார். இன்னொருத்தர், இல்ல, அதுக்கும் முன்னாடி அவ அம்மாவுக்குத் தெரியும், போன்ல குரலை வெச்சே கண்டுபிடிச்சுட்டு "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா"ன்னு சொன்னாங்களேன்னுவார். ஒரு தடவை பின்னாடி இருந்த ஒரு பெரியவர் ரொம்ப மெதுவா, "அந்தப் பையனுக்குத்தான்மா முதல்ல தெரியும்"னு சொன்னார். படத்துல அந்த அஞ்சு வயசுப் பையன் ரெண்டே ஷாட்லதான் வர்றான், அப்பா வண்டி சத்தம் கேட்டதும் பொம்மையை எடுத்துக்கிட்டு கட்டிலுக்கு அடியில போறான். நாங்க யாருமே அதைப் பெருசா கவனிக்கல. அன்னிக்கு அதுக்கப்புறம் நடந்த பேச்சு முழுக்க பிள்ளைங்களைப் பத்திதான், வந்திருந்த அப்பாக்கள்தான் அதிகம் பேசினாங்க.

இன்னொண்ணு, கூட்டத்துல "உங்கள்ல யாருக்காவது இப்படி நடந்திருக்கா?"ன்னு மட்டும் கேக்கவே கேக்காதீங்க. பக்கத்துலயே அவன் உக்காந்திருக்கலாம். படம் தொடங்கறதுக்கு முன்னாடியே இதுல என்ன வரும்னு சொல்லிடுங்க, கதவு பூட்டாம இருக்கட்டும், எழுந்து போறவங்களை யாரும் திரும்பிப் பாக்க வேணாம், பயிற்சி இருக்கற ஒரு கவுன்சிலர் அந்த இடத்துலயே இருக்கணும். படம் போடற நாட்டோட ஹெல்ப்லைன் நம்பரை டைட்டிலோட சேத்து ஓட விடாம, ஒருத்தர் எழுதிக்கற அளவுக்காவது நிறுத்திக் காட்டுங்க, பாத்ரூம் கதவுக்கு உள்பக்கமும் ஒட்டி வெச்சா இன்னும் நல்லது, அங்கதான் தனியா நின்னு எழுதிக்க முடியும். சப்டைட்டில் கண்டிப்பா வேணும், காது கேக்காத பொண்ணுங்களுக்கும் இது நடக்குது, திருநங்கைகளுக்கு நடக்குது, அவங்க யாருமே நம்ம படங்கள்ல வர்றதே இல்ல, அதுக்குத் தனியா எழுதணும்.

ஆன்லைன்ல போடறவங்களுக்கு ஒரு விஷயம். அவ போனை அவன் தினமும் செக் பண்ணுவான்னு வெச்சுக்கிட்டுத்தான் நாம யோசிக்கணும். 'புருஷன் கொடுமையில இருந்து தப்பிப்பது எப்படி'ன்னு தலைப்பும், அடிபட்ட முகத்தை தம்ப்நெயிலாவும் வெச்சா, அந்த லிங்க்கே அவளுக்கு ஆபத்து, ஹிஸ்டரியில அப்படியே நிக்கும். தலைப்பு சாதாரணமா இருக்கட்டும், தம்ப்நெயில்ல ஒரு ஜன்னலோ டீ கப்போ போதும். வியூஸ் குறையும்தான், குறையட்டும்.

நிஜக் கதையை எடுக்கறவங்க முகத்தை மறைச்சுட்டா போதும்னு நினைச்சுடறாங்க. குரல் இருக்கு, பின்னாடி மாட்டியிருக்கற காலண்டர் இருக்கு, குழந்தையோட யூனிஃபார்ம் இருக்கு, தெரிஞ்சவங்க ஒரு நொடியில கண்டுபிடிச்சுடுவாங்க. எடிட் முடிஞ்சதும் முதல்ல அவங்களுக்குத்தான் போட்டுக் காட்டணும், அப்ப அவங்க வேணாம்னு சொன்னா வேணாம்தான், எவ்வளவு செலவாகியிருந்தாலும் சரி. அவ பேச்சை யாருமே கேக்காத ஒரு வீட்டுல இருந்து வந்தவ, நாமளும் கேக்கலன்னா எப்படி?

நவம்பர் 25 பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கறதுக்கான சர்வதேச நாள், 1960ல அதே தேதியில டொமினிகன் குடியரசுல சர்வாதிகாரி ட்ருஹியோவோட ஆட்கள் கொன்ன மிராபல் சகோதரிகள் மூணு பேரோட நினைவா வந்தது, ஐ.நா. 1999ல அறிவிச்சாங்க. அன்னிலேர்ந்து டிசம்பர் 10 மனித உரிமை நாள் வரைக்கும் 16 நாள் உலகம் முழுக்கப் பிரச்சாரம் நடக்கும், அந்த நேரத்துலதான் எல்லாரும் படம் தேடுவாங்க. நாங்களும் அதுக்காக ஒண்ணு எழுதிட்டு இருக்கோம், முழுக்க முழுக்க சுவத்துக்கு இந்தப் பக்கம் இருக்கறவங்களைப் பத்தி. பால் கேட்டாச்சு, போன் கேட்டாச்சு, இப்ப எங்களுக்குப் புதுசா சாக்கு வேணும். பக்கத்து வீட்டுல அந்த சத்தம் கேட்டா நீங்க என்ன சொல்லிக் கதவைத் தட்டுவீங்க? ராத்திரி பதினோரு மணிக்கு நம்பற மாதிரி இருக்கணும், தனியா இருக்கற ஒரு வயசான அம்மாவும் தைரியமா சொல்ற மாதிரி இருக்கணும். தோணினதை எழுதி அனுப்புங்க, ஒண்ணு விடாம படிக்கறேன்.