பாலை மரத்தின் காபன் கணக்கு

வன்னிக் காட்டில் காபன் அளக்கும் வேலை நாடாவோடு தொடங்குகிறது. நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் நாடா பட்டையில் படிந்திருக்க வேண்டும். ஏறியிருக்கும் கொடியையும் சேர்த்துச் சுற்றினால் கணக்கு கெட்டுவிடும். சுற்றளவிலிருந்து விட்டம் கிடைக்கும். விட்டம், உயரம், மர அடர்த்தி மூன்றையும் கொண்டு மரத்தின் நிறையை மதிப்பிடும் சூத்திரத்தில் விட்டம் ஏறக்குறைய இருபடியாக நிற்கிறது. 50 சென்ரிமீற்றரில் 2 சென்ரிமீற்றர் பிசகினால் நிறை 8 சதவீதம் பிசகும். அந்த உயரத்துக்குக் கீழேயே கவர்விட்ட வீரை மரத்தை இரண்டு தண்டாக எழுத வேண்டும். முதிர்ந்த பாலைகளில் பொந்து அதிகம். கத்திப்பிடியால் தட்டினால் ஓசையே சொல்லிவிடும். சூத்திரத்துக்கு அது தெரியாது, நாம்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

பொந்தில்லாத, 50 சென்ரிமீற்றர் விட்டமும் 15 மீற்றர் உயரமும் உள்ள ஒரு பாலையை எடுப்போம். மர அடர்த்தியைக் கன சென்ரிமீற்றருக்கு 0.9 கிராம் என்று வைத்தால் நிலத்துக்கு மேலே உலர்நிறை ஏறத்தாழ 1.75 தொன். வேருக்கு 28 சதவீதம் சேர்த்தால் 2.24. அதில் 47 சதவீதம் காபன். காபனீரொட்சைட்டுக்கும் காபனுக்கும் உள்ள நிறை விகிதமான 44/12 ஆல் அதைப் பெருக்கினால் 3.9 தொன் காபனீரொட்சைட்டு. ஒரே ஒரு மரத்துக்கு!

அது எப்போது வளிக்குப் போகும் என்பது மரம் போகும் வழியைப் பொறுத்தது. சேனைப் பயிர்ச்செய்கைக்காக வெட்டி, மாரி மழைக்கு முன் தீ வைத்தால் பெரும்பகுதி சில நாளில் போய்விடும். கதவு நிலையாகச் செய்த முதிரை மரம் பல பத்தாண்டு காபனைப் பிடித்துவைக்கும். மண்ணுக்குள் விட்ட வேரைக் கறையானும் பூஞ்சணமும் ஆண்டுக்கணக்கில் தின்னும். வெட்டிய இடத்தில் தேக்கு வைத்தால் சரிதானே என்று கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேக்கு வேகமாக வளரும், உண்மைதான். ஆனால் பாலையும் வீரையும் பச்சையாக நின்று நீராவி விட்டு நிழல் தரும் கோடையிலேயே தேக்கு இலை உதிர்க்கும். அந்தச் சருகே தீக்கு வழி.

அதிகம் தவறுவது மண்ணில். மேல் 30 சென்ரிமீற்றர், அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 1.4 கிராம், சேதனக் காபன் 1.5 சதவீதம் என்றால் ஹெக்டேயருக்கு 63 தொன். டோசர் ஓடி மண் இறுகி அடர்த்தி 1.6 ஆனால், சதவீதம் மாறாமலே கணக்கு 72 என்று காட்டும். காடு அழிந்த நிலத்தில் காபன் கூடிவிட்டதாக அறிக்கை போவது இப்படித்தான். ஒப்பிட வேண்டியது ஆழத்தை அல்ல, மண்ணின் நிறையை: முன்பு 30 சென்ரிமீற்றரில் இருந்த 4,200 தொன் மண், இறுகிய பிறகு ஏறத்தாழ 26 சென்ரிமீற்றரிலேயே அடங்கிவிடும்.

அடர்த்திக்கு, கொள்ளளவு தெரிந்த உருக்குக் குழாயைச் சாயாமல் அடித்து இறக்கி, எடுத்த மண்ணை 105 பாகையில் நிறை மாறாத வரை உலர்த்த வேண்டும். காபன் சோதனைக்குரிய பங்கை நிழலில் காயவிட்டால் போதும். 2 மில்லிமீற்றர் அரிதட்டில் தங்கும் கிரவலை வேறாக நிறுத்துக் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் கல்லும் காபன் கணக்கில் ஏறிவிடும். டோசர் இறங்கும் முன்பே மண் எடுத்திராவிட்டால், ஒப்பிடப் பக்கத்துக் காட்டு மண்தான் மிஞ்சும். அதுவும் அதே மண்வகையாக, அதே மேட்டில் இருக்க வேண்டும். மேட்டுச் செம்மண்ணுக்குக் குளத்தடி மண் ஒப்பாகாது.