ஸ்லாலம் ஸ்கீயிங்: முதலில் உடம்பு, பிறகு படகு, அப்புறம் பைண்டிங், கடைசியில் ஃபின்

படகு கயிற்றால் இழுக்க, தண்ணீரில் ஒற்றை ஸ்கீயில், அதாவது காலில் மாட்டும் நீள்பலகையில், விழாமல் நிற்க வந்ததும் கை தானாகப் போவது ஃபின் பக்கம்தான். பலகையின் அடியில், வால் பகுதியில் நிற்கும் அந்த அலுமினியத் தகட்டை ஒரு நூல் நகர்த்திவிட்டால் திருப்பம் சரியாகிவிடும் என்று தோன்றும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டு உப்பங்கழியில் 40 கி.மீ. வேகத்தில் தொடங்கி 46 வரை வந்திருக்கும் இந்தக் கட்டத்தில் உறுதியாகச் சொல்ல முடிவது ஒன்று: வரிசை அப்படியே தலைகீழ். திருப்பம் கெடுவதற்கான காரணம் பெரும்பாலும் அதற்கு மூன்று நொடி முன்னாலேயே, படகு தனக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கிளப்பும் அலைமேட்டைத் தாண்டும்போது உடம்பு நின்ற விதத்தில் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஃபின்னை நகர்த்தினால் தப்பான நிலைக்கு ஏற்ற ஃபின்தான் கிடைக்கும்.

கோர்ஸின், அதாவது மிதவைகள் கட்டிய போட்டித் தடத்தின், அளவுகளை மனசில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும். நுழைவாசலில் இருந்து வெளிவாசல் வரை 259 மீட்டர். நடுக்கோட்டில் படகு போகும். ஸ்கீயர் சுற்ற வேண்டிய ஆறு மிதவைகள் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி, வலது இடது என மாறி மாறி நிற்கும். வாசலுக்கும் முதல் மிதவைக்கும் 27 மீட்டர், அடுத்தடுத்த மிதவைகளுக்கு இடையே 41. போட்டியில் ஆண்களுக்கு உச்ச வேகம் 58 கி.மீ., பெண்களுக்கு 55. உச்ச வேகத்தைத் தொட்டபின் வேகம் ஏறாது, கயிறுதான் குறையும்: 18.25 மீட்டர், 16, 14.25, 13, 12, 11.25 என்று. 11.25-க்கு வந்ததும் கயிறு மிதவைக்கே எட்டாது, மீதித் தூரத்தை ஸ்கீயரின் உடம்பும் நீட்டிய கையும் சாய்ந்து எட்ட வேண்டும்.

மிதவை கட்டாத தண்ணீரில் பயிற்சி செய்யும்போது இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரியாது: போதிய அகலம் போகிறோமா? சரியான நேரத்தில் திரும்புகிறோமா? இரண்டையும் படகிலிருந்தே அளக்கலாம்.

அகலத்துக்கு டேப் போதும். கயிறு கட்டியிருக்கும் கம்பத்திலிருந்து நேர் பின்னால் 1 மீட்டர் அளந்து, அங்கிருந்து பக்கவாட்டில் 81 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி. கம்பத்தையும் அந்தப் புள்ளியையும் சேர்க்கும் கோடு 39 பாகை. 18.25 மீட்டர் கயிற்றில் கைப்பிடி 11.5 மீட்டர் அகலத்தில் இருக்கும்போது கயிறு நிற்கும் கோணம் அதுதான். இரண்டு பக்கமும் படகின் விளிம்பில் அந்தக் கோடு வெட்டும் இடத்தில் நிற டேப் ஒட்டிவிட்டால், கூட உட்கார்ந்து பார்ப்பவர் கயிறு டேப்பைத் தொட்டதா என்று ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்லிவிடலாம். 16 மீட்டர் கயிற்றுக்கு அதே புள்ளி 1.04 மீட்டர் தள்ளி வரும், கோணம் 46 பாகை. உண்மையான கோர்ஸில் கையை நீட்டிச் சாய்வதால் ஸ்கீ கைப்பிடியைவிட இன்னும் வெளியே ஓடும். ஆகவே இந்த டேப் கொஞ்சம் கண்டிப்பான அளவுகோல். பயிற்சிக்கு அந்தக் கண்டிப்பு நல்லது.

நேரத்துக்கு போனில் ஒரு இடைவெளி டைமர். 41 மீட்டரைக் கடக்க 40 கி.மீ. வேகத்தில் 3.7 நொடி, 43-ல் 3.4, 46-ல் 3.2, 49-ல் 3.0. படகில் இருப்பவர் பீப் சத்தத்துக்குக் கையைத் தூக்க வேண்டும். அந்த நொடியில் ஸ்கீயர் திருப்பத்தின் உச்சியில் இருக்க வேண்டும். மிதவையில்லாத் தண்ணீரில் எல்லோரும் நிதானமாக, அழகாகத்தான் திரும்புகிறார்கள். டைமர் வந்ததும் அந்த நிதானம் முழுக்கத் தாமதம் என்று தெரிந்துவிடும்.

இனி உடம்பு. கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள் எல்லாம் ஒரே கோட்டில் அடுக்கி, அந்தக் கோடு மொத்தமாகப் படகுக்கு எதிர்ப்பக்கம் சாய்வதுதான் ஸ்டாக். இதைத் தண்ணீரில் கற்றுக்கொள்வது காசைக் கரைக்கும் வேலை. மொட்டை மாடித் தூண் போதும். கைப்பிடிச் சுவரும் தண்ணீர்க் குழாயும் ஆகாது, கான்கிரீட் தூணாகவே இருக்கட்டும். நெஞ்சு உயரத்தில் கயிற்றைக் கட்டி, இரண்டு மீட்டர் தள்ளி, ஸ்கீயில் நிற்பதுபோலக் கால்களை முன்னும் பின்னுமாக வைத்து, ஒரு உள்ளங்கை மேல்நோக்கி, ஒன்று கீழ்நோக்கி கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி, கைப்பிடியை இடுப்பெலும்புக்கு நேரே தாழ்த்தி, தூணுக்கு எதிர்ப்பக்கம் பத்து நொடி சாய்ந்து நில்லுங்கள். பளு எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள். உள்ளங்காலிலும் தொடையிலும் தெரிந்தால் சரி. முன்கை முதலில் வலித்தால் முழங்கை விலாவை விட்டு நகர்ந்துவிட்டது. அடிமுதுகு வலித்தால் இடுப்பு பின்னால் போய் உடம்பு மடங்கிவிட்டது. அப்போது இடுப்பைக் கைப்பிடியை நோக்கி முன்னே தள்ள வேண்டும். கைப்பிடியை இடுப்புக்கு இழுத்தால் அது வேறு தப்பு. பக்கவாட்டில் போனை வைத்து வீடியோ எடுத்து, காதிலிருந்து கணுக்கால் வரை ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் மடிப்பு பளிச்சென்று தெரியும்.

தண்ணீரில் இதே நிலைதான், ஆனால் எப்போது பளு ஏற்றுவது, எப்போது விடுவது என்ற கணக்கும் சேர்கிறது. படகின் இடப்பக்கம் வெளியே போய், கூடியவரை படகுக்கு இணையாக முன்னேறி, வேகம் படகோடு சமமாகும்வரை மிதந்து காத்திருந்து, பிறகு உள்ளே திரும்ப வேண்டும். அவசரப்பட்டுத் திரும்பினால் கோணம் கிடைக்காது. அந்த ஒரு குறை ஆறாவது மிதவை வரை கூடவே வரும். பளு முதல் அலைமேட்டுக்கு முன்பே முழுசாக ஏறி, இரண்டாவது அலைமேட்டோடு இறங்கிவிட வேண்டும். அதற்கு மேலும் இழுத்துக்கொண்டே போனால் இன்னும் அகலம் போகலாம் என்று தோன்றும். நடப்பது நேர் எதிர்: அதிக வேகத்தோடு திருப்பத்துக்கு வந்து, கயிறு தொய்ந்து, தொய்வு சட்டென்று இறுகும்போது தோள் முன்னே பிடுங்கப்படும். 43-லிருந்து 46-க்குப் போகும்போது பெரும்பாலான விழுதல்கள் இந்த இடத்தில்தான்.

ஸ்கீயை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சாய்த்து மாற்றியதும் கையை உடனே விடக்கூடாது. இரண்டு கையாலும் கைப்பிடியை இடுப்போடு வைத்துக்கொண்டு வெளியே போய், அகலம் கிடைத்த பிறகு வெளிப்பக்கக் கையை விட்டு, மற்றக் கையைக் கயிற்றின் திசையில் மெதுவாக நீட்ட வேண்டும். திருப்பம் முடியும்போது கைப்பிடியை வெடுக்கென்று இழுக்காமல், ஸ்கீ அதை நோக்கி வரும்வரை விட்டுப் பிடிக்க வேண்டும். பார்வை மிதவையிலோ ஸ்கீயின் மூக்கிலோ நிற்கக்கூடாது, எதிர்க்கரைக்குப் போக வேண்டும்.

வலது கால் முன்னே வைப்பவர்களுக்கு 1, 3, 5-ஆம் மிதவைகள் எளிய பக்கம், ஏனென்றால் பின்னால் இருக்கும் இடது கால் இடுப்பை ஏற்கெனவே இடப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறது. 2, 4, 6 கடினம். இடது கால் முன்னே என்றால் மாற்றிப் படிக்கவும். பயிற்சி நேரத்தைக் கடினப் பக்கத்துக்கே கொடுங்கள்.

படகைப் பற்றி. ஸ்லாலத்துக்கென்றே செய்த இன்போர்டு (இன்ஜின் உள்ளே இருக்கும்) படகில் கம்பம் நடுவில் இருக்கும், வேகத்தை ஜிபிஎஸ் கருவி பிடித்து வைக்கும். இன்ஜினைப் பின்னால் வெளியே மாட்டிய அவுட்போர்டு படகில் இரண்டும் இருக்காது. ஸ்கீயர் அலைமேட்டை நெருங்கி முழுப் பளு போடும்போது வேகம் இறங்கும், பின்பக்கம் கட்டிய கயிறு படகின் வாலையும் பக்கவாட்டில் இழுக்கும். ஓட்டுநர் போனில் வேகத்தைப் பார்த்துத் த்ராட்டிலைத் திருத்தினால் தாமதமாகிவிடும், ஏனென்றால் போனின் எண் சற்றுப் பிந்தித்தான் மாறும். இன்ஜின் ஆர்பிஎம்மைப் பிடித்து ஓட்டுவதே மேல். கரையில் 259 மீட்டர் இடைவெளியில் இரண்டு அடையாளம் வைத்து ஸ்டாப்வாட்சில் சரிபாருங்கள்: 43 கி.மீ. என்றால் 21.7 நொடி, 46 என்றால் 20.3, 49 என்றால் 19.0. இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். கழிமுகம் திறந்து நீரோட்டம் இருக்கும் மாதங்களில் கரையை வைத்து அளக்கும் வேகமும் ஸ்கீ உணரும் வேகமும் ஒன்றாக இருக்காது. ஓட்டத்துக்கு எதிரே போகும்போது ஸ்கீ உயரமாகவும் வேகமாகவும் ஓடும்.

காற்றும் அப்படித்தான். கோடையில் பகல் ஏறினால் கடல்காற்று வந்துவிடும், விடிந்ததும் கிடைக்கும் ஒன்றிரண்டு மணி நேரம்தான் கண்ணாடித் தண்ணீர். எதிர்க்காற்று ஸ்கீயரைத் திருப்பத்தில் நிறுத்திக் கொடுக்கும். பின்காற்றில் வேகம் குறையாமல் கயிறு தொய்யும். பின்காற்றில் வந்த தொய்வுக்கு ஃபின்மேல் பழி போட வேண்டாம். பெருமழைக்குப் பிறகு சில நாள் தண்ணீரில் இறங்காமல் இருப்பதே நல்லது. கலங்கல், மிதக்கும் கட்டை, சாக்கடை எல்லாம் சேர்ந்து வரும். ஆழம் இரண்டு மீட்டருக்குக் குறைந்த இடத்தையும், மீன்வலைக் கழிகள் நட்ட பக்கத்தையும் முதலில் மெதுவாக ஓட்டிப் பார்த்து ஒதுக்கிவிட வேண்டும்.

கயிறு விஷயத்தில் சமரசமே கூடாது. பாரிமுனைக் கடைகளில் கிடைக்கும் நைலான் கயிறு வலுவானதுதான், ஆனால் ரப்பர்போல நீளும். பளுவில் நீண்ட கயிறு விடுபட்டால் கைப்பிடி முகத்தை நோக்கிப் பாயும். ஸ்கீயிங்குக்கென்று பின்னிய, அதிகம் நீளாத, மிதக்கும் கயிறுதான் வேண்டும். அறுந்ததை முடிச்சுப் போட்டு ஒட்டக்கூடாது. முடிச்சு கயிற்றின் பலத்தைக் கணிசமாகக் குறைக்கும், நீளக் கணக்கும் போய்விடும். வெயிலில் கிடந்து இழை பிசிறு கட்டினால் மாற்றும் நேரம்.

காலைப் பலகையோடு பிடித்து வைக்கும் பைண்டிங் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முன்காலின் குதிகால் பின்விளிம்பிலிருந்து ஸ்கீயின் வால் முனைவரை அளந்து எழுதி வையுங்கள். பலகையோடு தயாரிப்பாளர் கொடுத்த அளவில் தொடங்குங்கள். ஒரு ஓட்டை முன்னே நகர்த்தினால் மூக்கு தண்ணீரில் அதிகம் பதிந்து திருப்பம் சுருங்கும். பின்னே நகர்த்தினால் நிதானம் கூடும், திருப்பம் விரியும்.

இப்போது ஃபின். நான்கு எண்கள்: நீளம், ஆழம், வாலிலிருந்து தூரம், ஃபின்னில் பொருத்திய சிறு இறக்கையின் கோணம். பல பலகைகளில் நீளம் 6.85 அங்குலத்தை ஒட்டியும், ஆழம் 2.5 அங்குலத்தை ஒட்டியும், வாலிலிருந்து தூரம் முக்கால் அங்குலத்தை ஒட்டியும் இருக்கும். இறக்கை 6 முதல் 9 பாகைக்குள். ஒரு தடவைக்கு ஒரே எண்ணை, 0.005 முதல் 0.010 அங்குலம் மட்டுமே மாற்ற வேண்டும். 0.005 அங்குலம் என்பது 0.13 மி.மீ.

இங்கேதான் சென்னை வெயில் குழப்பும். அலுமினியம் ஒரு பாகை வெப்பத்துக்கு மீட்டருக்கு 0.023 மி.மீ. நீளும். 174 மி.மீ. நீள ஃபின், காருக்குள் கிடந்து 30 பாகை கூடுதலாகச் சூடானால் 0.12 மி.மீ. நீண்டிருக்கும். அதாவது கிட்டத்தட்ட ஒரு திருத்தத்தின் அளவு. காலையில் நிழலில் அளந்த எண்ணையும் மதியம் காரிலிருந்து எடுத்து அளந்த எண்ணையும் ஒப்பிட்டால் ஃபின் நகர்ந்துவிட்டதாகத் தோன்றும். ஸ்கீயும் அளக்கும் கருவியான காலிப்பரும் ஒரே நிழலில் அரை மணி நேரம் இருந்த பிறகே அளக்க வேண்டும். ஸ்க்ரூவை இறுக்கும்போதும் ஃபின் கொஞ்சம் நகரும் என்பதால் இறுக்கிய பிறகு எடுத்த அளவுதான் கணக்கு.

மூக்கு திடீரென்று கடித்து ஸ்கீ நின்றுபோனால் நீளத்தைக் குறைக்கலாம். வால் வழுக்கிக்கொண்டு போனால் ஆழத்தைக் கூட்டலாம். திருப்பம் முடியவே மாட்டேன் என்று இழுத்தால் ஃபின்னை முன்னே தள்ளலாம், ஸ்கீ நிலையில்லாமல் ஆடினால் பின்னே. வேகம் குறையாமல் திருப்பத்துக்கு வந்தால் இறக்கைக் கோணத்தை ஒரு பாகை கூட்டலாம், ஆனால் அதற்கு முன் இரண்டாவது அலைமேட்டுக்கு அப்புறமும் இழுக்கிறோமா என்று வீடியோவில் பார்த்துவிட வேண்டும்.

உப்புத் தண்ணீர் நன்னீரைவிட அடர்த்தி கூடியது, கடல்நீர் என்றால் இரண்டரை சதவீதத்துக்கு மேல். ஸ்கீ ஒரு இழை உயரமாக ஓடும். மழை மாதங்களில் கழி நன்னீராகும்போது அதே எண்கள் கொஞ்சம் வேறு மாதிரி தெரியலாம். அட்டையில் எண்களோடு மாதத்தையும் தண்ணீரின் நிலையையும் எழுதி வைப்பது இதற்காகத்தான். கரைக்கு வந்ததும் ஃபின்னைப் பிடித்து வைக்கும் பிளாக்கை நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும். அலுமினியத்துக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ உப்போடு கிடந்தால் அரித்துப் பிடித்துக்கொள்ளும், பிறகு ஆலன் கீ போட்டால் தலைதான் தேயும்.

அடுத்த இலக்கு 49 கி.மீ. அதற்கு முன் 46-ல், எதிர்க்காற்றிலும் பின்காற்றிலும், ஆறு திருப்பமும், ஒவ்வொன்றும் 3.2 நொடிக்குள், டேப்பைத் தொட்டாக வேண்டும். கடினப் பக்கத்தில் இன்னும் கயிறு டேப்புக்கு ஒரு சாண் உள்ளேயே நிற்கிறது. வீடியோவில் காரணம் தெரிகிறது: எளிய பக்கத் திருப்பம் முடிந்து கைப்பிடியைப் பிடிக்கும் நொடியில் இடுப்பு பின்னால் போகிறது. வேலை மாடித் தூணில் இருக்கிறது, ஃபின் எண்கள் இப்போதைக்கு அப்படியே.